ஆட்ட நாள் மருமகள்

கையுறைக்குக் கட்டைவிரல் தைப்பதுதான் பெலாஜியா ஷிமான்ஸ்கியின் வேலை. உள்ளங்கையை ஒருத்தி வெட்டுவாள், நான்கு விரல்களை இன்னொருத்தி மூட்டுவாள், கட்டைவிரல் மட்டும் பெலாவின் மேசைக்கு வரும். கட்டைவிரல் கோணினால் கையுறையே கோணல். மில்வாக்கி நகரத்தின் தென்பகுதியில், பதினேழு வயதில் அந்த மேசைக்கு வந்தவள் முப்பத்துநான்கு வயதிலும் அதே மேசையில்தான் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. நடுவில் ஒரு போர் வந்தது, அப்பா படுக்கையில் விழுந்தார், அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, அப்படியே வருஷங்கள் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு காலை பூசை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல அவளிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. தம்பியிடம் எரிந்து விழுந்தேன், பூசையில் தூங்கினேன், இவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பெலா வாராவாரம் பொய் சொல்லத் தொடங்கியது 1953-ல். ஊருக்குப் பேஸ்பால் அணி வந்த வருஷம் அது.

அணி வந்ததே ஒரு கூத்து. கிழக்கே கடலோரப் பெருநகரம் ஒன்றில் எண்பது வருஷம் ஆடிய அணி அது. அங்கே பார்க்க ஆளில்லாமல் போய், ஆட்டப் பருவம் தொடங்க ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து இறங்கியது. புறக்கடை வாசலில் யாரோ விட்டுப்போன குழந்தையை எடுத்து வளர்ப்பது போலத்தான் ஊர் அந்த அணியை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் குளிரில் தெருவெல்லாம் ஆள். ரொட்டிக்கடைக்காரர் ஆட்டக்காரர்களின் வீட்டுக்குத் தினமும் கேக் அனுப்பினார். முடிதிருத்துபவர் காசு வாங்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். சலவைக்காரர், செருப்புக் கடைக்காரர், பால்காரர் என்று யாரும் விடவில்லை. ஒரு பந்து வீச்சாளரின் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது, முன்பின் தெரியாத பெண்கள் பின்னி அனுப்பிய காலுறைகள் ஒரு கூடை சேர்ந்தன. அதில் இரண்டு ஜோடி பெலா பின்னியவை.

எல்லாம் சரி, நுழைவுச் சீட்டுத்தான் கிடைக்கவில்லை. பெலாவின் தம்பிகள் இருவரும் வேலை செய்த தோல் பதனிடும் ஆலைக்கு மொத்தமாகச் சீட்டு வந்தது. அவளுக்கு ஒன்று கேட்டபோது பெரிய தம்பி சிரித்தான்.

"நீ அங்க வந்து என்னக்கா பண்ணப் போற? ரேடியோ இருக்கில்ல, கேளு."

பங்குக் கோயில் பெண்கள் அணியில் ஆறு வருஷம் மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடித்தவள் அவள். இடதுகைச் சுண்டுவிரல் இன்றும் நேராக நிற்காது. அந்த விரலை மடக்கிக்கொண்டு அவள் ரேடியோவைத் திருகினாள்.

சீட்டு இல்லாமல் ஆட்டம் பார்க்க ஒரு மேடு உண்டு என்று சொன்னது தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி. மைதானம் பள்ளத்தில் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் மேட்டின் மேல் பழைய படைவீரர் இல்லம். அங்கிருந்து பார்த்தால் மைதானம் தட்டில் வைத்தது போலத் தெரியும். ஆனால் இல்லத்தில் இருப்பவர்களும் அவர்களைப் பார்க்க வரும் உறவினர்களும் மட்டும்தான் போகலாம்.

"உறவினர்னா?"

"உறவினர்தான். நம்மூர்ல இப்ப பாதிப் பேருக்குத் திடீர்னு பட்டாளத்துச் சித்தப்பா மொளச்சிருக்காங்க, தெரியாதா உனக்கு?"

மே மாதத்து ஒரு சனிக்கிழமை, பெலா இரண்டு டிராம் மாறி அந்த வாசலில் போய் நின்றாள். நீண்ட மேசை, தடித்த பதிவேடு, மேசைக்குப் பின்னால் மிசஸ் ஹாலரன் என்ற ஐரிஷ்காரப் பெண்மணி. வரிசை நகர நகர, யார் பெயரைச் சொல்வது என்று பெலா சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போது ஒருவர் சலவை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மேலே கிடந்த துணிப்பையில் 'டெஷ்' என்று பெயர் தைத்திருந்தது. தையல் கோணல். அதனால்தான் அவள் கண்ணில் பட்டது.

"யாரைப் பார்க்கணும்?"

"டெஷ்... டெஷ் மாமாவை."

மிசஸ் ஹாலரன் பேனாவைக் கீழே வைத்தாள். "டெஷ்ஷையா? ஆறு வருஷமா அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கா வந்ததில்லையே."

"நாங்க வெளியூர்ல இருந்தோம்."

"உம் பேரு?"

"பெலாஜியா ஷிமான்ஸ்கி."

"போலந்துக்காரிக்கு ஜெர்மன்காரர் டெஷ் எப்படி மாமா ஆவாரு?"

"அம்மா ஜெர்மன்."

போலந்தில் ஜெர்மன் பட்டாளம் வந்து வீட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனதை இன்றுவரை மறக்காத அவள் அம்மா இதைக் கேட்டிருந்தால் கரண்டியை எடுத்திருப்பாள்.

"மாமாவோட முழுப் பேரு?"

"வீட்ல எல்லாரும் மாமான்னுதான் சொல்வோம்."

மிசஸ் ஹாலரன் அவளையே பார்த்தாள். கீழே பள்ளத்திலிருந்து முப்பதாயிரம் தொண்டைகள் ஒன்றாகக் கத்தும் சத்தம் எழும்பி வந்தது. பெலாவின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"சரிதான்," என்று பேனாவை எடுத்தாள் மிசஸ் ஹாலரன். "உறவு, அக்கா மகள். அவர் பேரு எமில். தெரிஞ்சு வெச்சுக்க. மூணாவது மேப்பிள் மரத்தடி பெஞ்சுல இருப்பாரு. மூணாவது. அவசரத்துல ரெண்டாவது மரத்தடிக்குப் போயி வேற யாரையாவது கட்டிப் புடிச்சிராதே."

மூன்றாவது மரத்தடியில் நீண்ட கால்களை நீட்டிக்கொண்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தாறு ஐம்பத்தேழு இருக்கும். முதல் உலகப் போரில் விஷப்புகை குடித்தவர் என்பதை மூச்சே சொல்லிற்று. ஒவ்வொரு மூச்சும் பழைய கதவைத் திறந்து மூடுவது போல வந்தது.

"மாமா, நான்தான்."

"எந்த நான்?"

"உங்க அக்கா மகள்."

"எனக்கு அக்கா கெடையாதே."

"அப்ப தங்கச்சி மகள்னு வெச்சுக்குங்களேன்."

"தங்கச்சியும் கெடையாது. ரெண்டு அண்ணன்தான். ரெண்டு பேரோடயும் பேச்சுவார்த்தை இல்ல." அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு. அம்மா எப்படியிருக்கா?"

"யாரு?"

"உங்கம்மாடி. என் அக்கா."

பெலா வாயில் வந்ததைச் சொன்னாள். "செத்துப் போயிட்டாங்க."

"அடக் கொடுமையே! இப்பத்தான் ஒரு அக்கா கெடச்சா. அதுக்குள்ள சாகடிச்சிட்டியே." தொப்பிக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது. "அடுத்த வாரம் வெறுங்கையோட வராதே. கறுப்பு ரொட்டியும் புகை போட்ட சாசேஜும் வேணும். உன் பேச்சே போலந்துப் பேச்சு, உங்க ஆளுங்க கடையில வாங்கினா பூண்டு கம்மியாப் போடச் சொல்லு."

அன்று மாலை பெலா கோயிலில் முழந்தாளிட்டாள். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார்.

"ஒரு பொய் சொன்னேன் சாமி. படைவீரர் இல்லத்து வாசல்ல."

அந்தப் பக்கம் நாற்காலி தட்டியை நோக்கி நகர்ந்தது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி வந்தது. "மேட்டுலேருந்து நல்லாத் தெரியுதா?"

"இடது மூலை மட்டும் மறைக்குது சாமி."

"எத்தனைக்கு எத்தனை?"

"அஞ்சுக்கு மூணு. நாமதான்."

"நல்லது. மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு. இனிமே பொய் சொல்லாதே."

அடுத்த சனிக்கிழமையும் அதே பொய், அதே மூன்று அருள் நிறைந்த மரியே. அதற்கடுத்த வாரத்திலிருந்து சாமியார் பாவத்தைக் கேட்பதற்கு முன்னால் ஆட்டக் கணக்கைக் கேட்க ஆரம்பித்தார்.

அந்த முதல் சில வருஷங்களை நினைத்தால், நாற்பது தாண்டிய பிறகும் பெலாவுக்கு முகம் மலர்ந்துவிடும். மேடு முழுக்கச் சொந்தபந்தம். கரகரத்த குரல் மொரெல்லோ சார்ஜண்டுக்குக் கூடப்பிறந்தவர்களே இல்லை. அவருக்கு ஒரு ஜூன் மாதத்தில் பதினோரு அண்ணன் பிள்ளைகள், அத்தனையும் மஞ்சள் முடி. "சார்ஜண்ட், உங்க வம்சம் முயல் மாதிரியில்ல பெருகுது!" என்பாள் மிசஸ் ஹாலரன், பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பொய்யாக வந்தவர்கள் எல்லாரும் பலகாரத்தோடுதான் வந்தார்கள். ஐந்தாறு வருஷமாகப் பிறந்த நாள் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தவர்களுக்கு மேட்டில் கேக் வெட்டினார்கள். மேட்டில் பீர் கூடாது. பெலா சூப் கொண்டுபோகும் குடுவையில் ஊற்றிக்கொண்டு போவாள்.

"இன்னிக்கு என்ன சூப்?" என்று வாசலில் கேட்பாள் மிசஸ் ஹாலரன்.

"பார்லி சூப்."

"காய்ச்சினது பார்லியிலதான். அதுல பொய்யில்ல. போ."

அவ்வளவு தூரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மட்டையில் பந்து படுவது முதலில் கண்ணுக்குத் தெரியும். சத்தம் அரை மூச்சு தள்ளித்தான் மேட்டுக்கு வந்து சேரும். பந்து வேலியைத் தாண்டப் போகிறது என்பது மட்டை சுழலும்போதே பெலாவுக்குத் தெரிந்துவிடும். அவளையறியாமல் பக்கத்திலிருக்கும் எமிலின் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துவிடுவாள். அதன் பிறகுதான் 'டக்' என்று சத்தம் வரும். அதன் பிறகு கூட்டத்தின் கூச்சல்.

எமிலுக்கு ஆட்டத்தில் அவ்வளவாகக் கவனம் இல்லை என்பது அவளுக்கு ஒரு குறை. "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"கண்ணு முன்னாலதானே நடக்குது! எங்க பார்த்துக்கிட்டிருக்கீங்க மாமா?"

"உன் தொப்பியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தப் பூ வாடி மூணு வருஷம் ஆச்சு, எடுத்துப் போட மாட்டியா? சரி, சொல்லு. யாரு எங்க ஓடினான்?"

அவள் சலித்துக்கொண்டே சொல்வாள். வீசுபவன் தொப்பியைத் தொட்டது, ஓடித் தொடும் முனைகளில் இரண்டாவதில் நிற்பவன் நைசாக நகர்ந்தது, காற்று எந்தப் பக்கம் என்பது வரை ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "தூங்குறீங்களா?" என்றால், "ஜெர்மன்காரன் தூங்கினா உங்க நாடு நிம்மதியா இருந்திருக்குமே," என்பார்.

ஐம்பத்தேழில் அணி உலகத் தொடரையே வென்றது. ஊர் தலைகால் தெரியாமல் ஆடியது. சாமியார் அந்த வாரம் யாருக்கும் தண்டனை ஜெபமே கொடுக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

ஒவ்வொரு அக்டோபரிலும் ஆட்டப் பருவம் முடியும். "ஏப்ரல்ல பார்க்கலாம் மாமா," என்பாள். "உயிரோட இருந்தா நான் வரேன். நீ வரதுக்கு அட்டவணை இருக்கு," என்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் ஒருநாள்கூட அவள் மேட்டுக்குப் போனதில்லை. போகவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வடிந்தது. அணி முன்போல் ஜெயிக்கவில்லை. சொந்த பீரை மைதானத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஒரு வருஷம் சட்டம் போட்டார்கள், ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுலபமாகச் சீட்டுக் கிடைக்கிற காலம் வந்ததும் மேட்டில் சொந்தபந்தம் மெலிந்தது. மொரெல்லோ சார்ஜண்டின் பதினோரு பிள்ளைகளில் ஒருவரும் மிச்சமில்லை. பெலாவுக்கும் சீட்டு வாங்குவதில் சிரமமில்லைதான். இரண்டு தடவை உள்ளே போய் உட்கார்ந்தும் பார்த்தாள். சத்தமும் அடியும் ஒரே நேரத்தில் வந்தது என்னவோபோல் இருந்தது. மறுபடி மேட்டுக்கே வந்துவிட்டாள்.

அறுபத்தைந்தில் அணி தெற்கே வேறு ஊருக்குப் போவது முடிவாகிவிட்டது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பெலா தன் கடைசி ஆட்டத்தைப் பார்த்தாள். கீழே பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். முடிந்ததும் குடுவையை மூடிப் பையில் வைத்தாள். "ஏப்ரல்ல பார்க்கலாம்" என்ற வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"வரேன் மாமா."

"பார்த்துப் போ," என்றார் எமில். அட்டவணையைப் பற்றி அவரும் பேசவில்லை.

ஏப்ரல் வந்தது, போயிற்று. சனிக்கிழமை மதியங்களில் பெலா ஜன்னல் துடைத்தாள், அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினாள். அம்மா போய் நான்கு வருஷம் ஆகிவிட்டதால் வீட்டில் துடைக்க வேறு ஒன்றுமில்லை. மேட்டுக்குப் போகலாம் என்று கோட்டை எடுப்பாள். ஆட்டமில்லாமல் என்னவென்று சொல்லிப் போவது? வெறும் மைதானத்தை எப்படிப் பார்ப்பது? கோட்டை மறுபடி மாட்டுவாள். போகாமல் கெடும் உறவு என்பார்கள். இது உறவே இல்லையே, இதில் கெட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. 'எமில் டெஷ் அவர்களின் சகோதரி மகளுக்கு' என்று விலாசம். புதிய போரில் காயம்பட்டு வருகிறவர்களுக்குப் படுக்கை வேண்டியிருப்பதால், ஆறு மாதத்துக்கு மேல் உறவினர் யாரும் வந்து பார்க்காதவர்களை வடக்கே காட்டுப்பக்கம் இருக்கும் வேறொரு இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். எமில் டெஷ் ஜூன் ஆறாம் தேதி போகிறார். குடும்பத்தாருக்கு ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும்.

அந்த வடக்கு இல்லம் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். எமிலுக்கு அந்தக் காட்டுக் குளிரில் எத்தனை மாதம் மூச்சு ஓடும் என்று பெலா கணக்குப் போடாமலே அவளுக்கு விடை தெரிந்தது.

மறுநாளே தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் சூப் குடுவையையும் நிரப்பி எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். மிசஸ் ஹாலரன் இப்போது மாடியில் அலுவலக அறையில் இருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மேசைமேல் பதின்மூன்று வருஷத்துப் பதிவேடுகள். காகிதத்தைப் பெலாவின் பக்கம் தள்ளினாள்.

"இதுதான். 'நான் எமில் டெஷ்ஷின் சகோதரி மகள் என்று கடவுள் சாட்சியாக உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்து."

பெலா பேனாவை எடுத்தாள். கை எழுதவில்லை. வாசலில் வாயால் சொல்வது வேறு. அதை எழுதியதெல்லாம் ஹாலரனின் கை, அவள் கை இல்லை. இது கடவுள் பெயரை வைத்து, தன் கையால், மை போட்டு. மூன்று அருள் நிறைந்த மரியேயில் தீருகிற சங்கதியா இது?

"மிசஸ் ஹாலரன்... நான் அவரோட மருமகள் இல்லீங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும்டி. அவர் இங்க சேர்ந்தப்பவே குடும்ப விவரம் எழுதியாச்சு. ரெண்டு அண்ணன். அக்கா, தங்கச்சி கெடையாது. எல்லாம் என் மேசையிலதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

மிசஸ் ஹாலரன் பதிவேட்டின் முதுகைத் தடவினாள். "ஆறு வருஷமா அந்த மனுஷன் பேருக்கு நேரா ஒரு எழுத்து எழுதல நான். மத்தவங்களுக்கெல்லாம் எழுதுவேன், அவர் பக்கம் வெள்ளையாவே இருக்கும். எழுதணும்னு கை துடிச்சுது. நீ வந்த." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மேலிடத்துலேருந்து வந்தவன் இதெல்லாம் புரட்டிப் பார்த்தான். கெட்டிக்காரன். 'இந்த அம்மா வந்த நாளெல்லாம் இங்க ஆட்டம் இருந்த நாள், ஒண்ணுகூடத் தப்பலையே'ன்னு கேட்டான்."

பெலாவின் காது சூடாயிற்று. "ஆட்டம் பார்க்கத்தான் வந்தேன். அது நெசம். நான் அவருக்காக வரல. அவரும் ஆட்டம் பார்க்கத்தானே அங்க உக்கார்ந்திருந்தாரு..."

"ஆட்டம் பார்க்கவா? அவரா?" மிசஸ் ஹாலரன் வாயைப் பிளந்தாள். "அடி அசடே, பத்தடிக்கு அப்பால அவருக்கு எல்லாம் பனிமூட்டம். அந்தப் புகை கண்ணையும்தான் தின்னுட்டுது. கையில இருக்கிற சீட்டுக்கட்டைப் பார்ப்பாரு, பக்கத்துல இருக்கிற மூஞ்சியப் பார்ப்பாரு. மைதானம் எந்தப் பக்கம்னு கேட்டாக்கூடச் சத்தத்தை வெச்சுத்தான் சொல்வாரு. பதிமூணு வருஷமாத் தெரியாதா உனக்கு?"

பெலாவுக்குத் தெரியவில்லை. மைதானத்தில் மூன்றாம் முனைக்காரனின் காலணிக் கயிறு அவிழ்ந்ததைக்கூடக் கண்டவள் அவள்.

காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற வழியே இல்லீங்களா?" என்றாள்.

"கீழ ஒரு வரி இருக்கு, யாரும் நிரப்பறதில்ல. 'உறவினர் அல்லாத பொறுப்பாளர்.' அதுல சத்தியம் வேணாம், உறுதி போதும். மாசம் ஒரு தடவையாவது வந்து பார்க்கணும். பண்டிகைக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். தவறினா ரெண்டாவது கடிதம் கெடையாது, நேரா வடக்கேதான்."

"மாசம் ஒரு தடவைன்னா... ஜனவரியிலயுமா?"

"ஜனவரியிலயும். பிப்ரவரியிலயும். முழங்கால் அளவு பனியில மேடு ஏறணும். ஆட்டம் இருக்காது."

பெலா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

மூன்றாவது மேப்பிள் மரத்தடி. அதே கால்கள், அதே தொப்பி, ஆனால் கோட்டுக்குள் ஆள் சுருங்கியிருந்தார். கீழே மைதானம் திறந்து கிடந்தது. முனைகளைக் குறிக்கும் வெள்ளைப் பைகள் இல்லை.

"மாமா, நான்தான்."

"எந்த நான்?" என்றவர், உடனே, "அட்டவணை தப்பாப் பார்த்துட்டியா? இன்னிக்கு ஆட்டம் இல்லையே," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். "கடிதம் வந்துச்சு."

"ஹாலரன் சொன்னா. கையெழுத்து கிய்யெழுத்துப் போட்டு வெக்காதே. எனக்காக நரகத்துக்குப் போகாதே. அங்க ஏற்கெனவே போலந்துக்காரங்க கூட்டம் தாங்கல." மூச்சு இழுத்தது. "வடக்கே ஏரி இருக்காம். மீன் பிடிக்கலாமாம்."

"மீன் தெரியுமா உங்களுக்கு? பத்தடிக்கு அப்பால ஒண்ணும் தெரியாதாமே."

எமில் தொப்பியைச் சரி செய்தார். "சொல்லிட்டாளா அவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல? கண்ணு எங்க இருக்கு, கவனம் எங்க இருக்குன்னு எத்தனை நாள் திட்டியிருப்பேன் உங்களை!"

"திட்டினாத்தானே விவரமாச் சொல்லுவ? ஆட்டம் எனக்கு நல்லாத்தான் நடந்துச்சு. உன் கை என் சட்டையப் புடிக்கும். அப்புறம் மட்டை சத்தம். அப்புறம் கூட்டம். கீழ இருந்தவன் எல்லாரையும்விட எனக்குத்தான் மொதல்ல தெரியும்." அவர் தன் இடது சட்டைக் கையைத் தடவினார். முழங்கைக்கு மேலே துணி நைந்திருந்தது. அதே இடத்தில் அதே நிற நூலால், தையல் தெரிந்த யாரும் பார்த்தால் முகம் சுளிக்கும்படி, கோணல்மாணலாக யாரோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முன் சலவைப் பையில் பார்த்த அதே கோணல் தையல்.

பெலா பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். சூப் குடுவையைத் தொடைமேல் படுக்க வைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்து, கடைசி வரியில் தன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்தும் கோணவில்லை.

எமில் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார். மெதுவாக, இரண்டு தடவை.

"உறவு, இல்லைன்னு எழுதியிருக்க."

"ஆமா. இல்லையே."

"பதிமூணு வருஷம் மருமகளா இருந்துட்டு, இப்ப காகிதத்துல இல்லைன்னுட்ட." காகிதத்தை மடித்தவர் உடனே திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஜனவரியில பனி கொட்டும் பெலா."

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கொட்டட்டும். கையுறைக்காரிக்குக் குளிரா? கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி எங்க வீட்டு மேசையில ஒரு தட்டு எப்பவும் அதிகமா வெப்போம், யாராவது வழிப்போக்கர் வந்தா சாப்பிடணும்னு. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வந்ததில்ல. வந்து உக்காருங்க."

"ஜெர்மன்காரன் உக்கார்ந்தா உங்கம்மா படத்துலேருந்து எறங்கி வந்து அடிக்க மாட்டாளா?"

"அவங்கதான் உங்க அக்காவாச்சே. அடிச்சா வாங்கிக்கிட்டு சாப்பிடுங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்து, பழைய கதவு திறந்து மூடும் மூச்சு மறுபடி நிதானத்துக்கு வந்தது. அவள் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். நுரை தளும்பியது.

"சரி, சொல்லு," என்றார் எமில், கீழ்ப்பக்கம் முகத்தைத் திருப்பி. "என்ன நடக்குது?"

பெலா பார்த்தாள். புல் வளர்ந்திருந்தது. ஒரு ஆள் வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"முப்பத்தையாயிரம் பேரு," என்றாள். "ஒரு நாற்காலிகூடக் காலி இல்ல. மே மாசம். ஐம்பத்திமூணு. காத்து ஏரிப் பக்கத்துலேருந்து. நம்ம ஆளு மட்டையத் தட்டிக்கிட்டு நிக்கிறான். வீசுறவன் தொப்பியத் தொடறான். ரெண்டாவது முனைக்காரன் நைசா ரெண்டு அடி நகர்றான்..."

எமில் கண்ணை மூடிக்கொண்டார்.

"வீசிட்டான். தாழ்வா வருது. நம்ம ஆளு சுத்துறான்..."

அவள் கை போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. இருவரும் அப்படியே காத்திருந்தார்கள். அரை மூச்சு போயிற்று. ஒரு முழு மூச்சும் போயிற்று. கீழே புல் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சத்தம் இன்னும் வந்து சேரல," என்றார் எமில்.

"வரும், இருங்க," என்றாள் பெலா. பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.